வராத நாட்களின் காரணம்

ஆம்பூர்,
9-11-2025, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரிசில்லாவுக்கு,

சித்தப்பா பாக்கியநாதன் எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் அந்தக் குளிர் தேசத்தில் கர்த்தர் காப்பாராக. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கவேண்டும். அந்த வரியை நான் இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். முழுக்கப் படித்த பிறகு அதை எழுதியிருக்கலாமா கூடாதா என்று நீயே சொல்.

ரஷீத் அஹமது பாயின் மகள் தபஸ்ஸும் லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். உன்னோடு நர்சிங் படித்தவள், உன் ஊருக்கே திரும்புகிறவள் என்பதால் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல என்ன கேடு என்று கேட்பாய். என் போன், நான் வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்தது. அதில் என்ன பேசினாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வாரம் கழித்து, பேசிய விஷயத்தைப் பற்றி யாராவது சிரித்த முகத்தோடு விசாரிப்பார்கள். அவ்வளவுதான்.

உன் அம்மாவின் கால் புண் ஆறிவிட்டது. சர்க்கரைதான் ஏறி இறங்குகிறது. உன் அப்பா காலை ஐந்து மணிக்கு எழுந்து, பால் காய்ச்சி, அண்ணிக்கு இன்சுலின் போட்டு, தலை வாரிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜெபத்துக்கு உட்காருகிறார். ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. இன்னும் சாயங்காலமானால் வாசலில் இருபது பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். ரத்தினசாமி வாத்தியாரைப் போல ஒரு மனிதர் உண்டா என்று ஊரே கேட்கிறது. இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன். அப்படிப்பட்டவருக்குத் தம்பியாகப் பிறந்தவன் பாடு என்ன என்று யாரும் கேட்டதில்லை.

2003-இல் நடந்ததை நீ உன் அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய். ஒரு தடவை என்னிடமும் கேள். நம் சபைப் பள்ளியில் ஒரு பட்டதாரி ஆசிரியர் இடம் காலியானது. நான் எம்.ஏ., பி.எட். என் மகள் எப்சி அப்போது கைக்குழந்தை. இன்னொரு விண்ணப்பம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு விதவைப் பெண்ணுடையது. இரண்டு பேருக்கும் தகுதி சமம், யாருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை, தலைமை ஆசிரியர் சொல்கிறபடி செய்யலாம் என்று தாளாளர் விட்டுவிட்டார். தலைமை ஆசிரியர் உன் அப்பா. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பிக்குக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை நான் எப்பிடிடா எழுந்து நின்னு ஜெபம் பண்ணுவேன்?” என்றார். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கவேண்டும் என்பதற்காக நான் தோல் கம்பெனியின் டைம் ஆபீசில் போய் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுகிற வேலை. குடியிருக்க, பின்சுவரை ஒட்டி ஒரு குவார்ட்டர்ஸ். ஜன்னலைத் திறந்தால் கால்வாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் மற்ற ஆசிரியர்கள் பதிவேட்டில் குறி போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார்கள். உன் அப்பா மணியடித்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீட்டு வாசலில் சைக்கிளோடு நிற்பார். ஏன் வரவில்லை என்று கேட்டு வந்து, அவர் நடத்திய நான்காம் வகுப்புப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். காய்ச்சல். கால் அரிப்பு. தம்பியைப் பார்த்துக்கொள்ள. குழாயில் நாற்றம், குளிக்கவில்லை. வாந்தி. பக்கத்தில் தெருவின் பெயர். அப்படி வருடத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது பதிவேடுகள். ஓய்வுபெறும்போது அவை பழைய பேப்பர்காரனுக்குப் போகவிருந்தன. தாளாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கிவந்து வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். அவருக்கு அவை பிள்ளைகளின் பெயர்கள், வேறொன்றுமில்லை.

ரஷீத் பாய் கால்வாய்த் தண்ணீருக்காகக் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டிருப்பது உனக்குத் தெரியும். அதற்காக அமைத்த விசாரணைக் குழு வரும் 19-ஆம் தேதி, புதன்கிழமை, சத்துவாச்சாரியில் உட்காருகிறது. கால்வாயில் கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட விட்டதில்லை, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை என்பது கம்பெனியின் பதில். பாயிடம் இருப்பது பழைய மருந்துச் சீட்டுகள் நாலைந்து. உன் அப்பாவிடம் பத்தொன்பது வருடம் இருக்கிறது, தேதியோடும் தெருவோடும். பாய் வந்து கேட்டிருக்கிறார். இவர் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நம் கோயிலில் பொது ஜெபத்துக்கு முன்னால் விண்ணப்பச் சீட்டு வாசிப்பார்களே, நினைவிருக்கிறதா? மகள் பிரசவத்துக்காக, மகன் விசாவுக்காக என்று. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதை வாசிக்கும் முறை என்னுடையது. பெட்டியிலிருந்து எட்டாவது சீட்டை எடுத்தபோதே கையெழுத்து தெரிந்துவிட்டது. “19-ஆம் தேதி சத்துவாச்சாரி விசாரணைக்குப் பள்ளி வருகைப் பதிவேடுகளோடு போகிறேன். உண்மையைச் சொல்லும் பலத்துக்காகச் சபையார் ஜெபிக்கவும். ரத்தினசாமி.” எதிரே எங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஊரில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத மனிதர் அவர், அது தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சீட்டை நான் மடித்துப் பைக்குள் போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை விடாமல் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். சபை ஆமென் என்றது.

மறுநாள் காலை பத்தரைக்குப் பொது மேலாளர் சூரியபிரகாஷ் என்னைக் கூப்பிட்டான். என்னைவிட இருபது வயது சின்னவன். சார் என்றுதான் கூப்பிடுவான். டீ வரவழைத்தான். உன் அம்மாவின் கால் எப்படியிருக்கிறது என்று கேட்டான். அவனிடம் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு, “மத்ததெல்லாம் போவட்டும் சார். 2011-12 மட்டும் நம்ம கைக்கு வந்தா போதும். அதுல உங்க பாப்பா பேரும் இருக்காமே?” என்றான். நான் எழுந்தேன். கதவு வரை வந்து வழியனுப்பினான். “வாத்தியாருக்கு வயசாச்சு. ஆத்தோரமா தனியா மொபெட்ல வர்றாரு. லாரிங்க ஜாஸ்தி. பாத்து வரச் சொல்லுங்க சார்.”

இதைத்தான் இரண்டு வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன். உன் சித்தி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

11-11-2025, செவ்வாய்க்கிழமை.

நேற்று மதியம் உன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா உடம்பு சரியில்லாத யாரையோ பார்த்து ஜெபிக்கப் போயிருந்தார். அது தெரிந்துதான் போனேன். அண்ணி டீ போடப் போனபோது பீரோவைத் திறந்தேன். பூட்டில்லை. அந்த வீட்டில் எதற்குத்தான் பூட்டு இருந்தது? முதுகில் வருடம் எழுதி அடுக்கிவைத்திருந்தார். 2011-12-ஐ உருவியபோது அண்ணி பின்னால் நின்றிருந்தார்.

“எப்சி பேரப் பாக்கறதுக்கா?” என்றார் அண்ணி. “இத்தினி வருஷம் நீயா கேக்கலன்னுதான் உங்கண்ணன் சும்மா இருந்தாரு. டீ ஆறுது, குடிச்சிட்டு எடுத்துட்டுப் போ.”

குடித்துவிட்டு எடுத்துவந்தேன்.

பிரிசில்லா, கம்பெனிக்கு ஏன் அந்த ஒரு வருடம் மட்டும் வேண்டும் என்பதை உனக்குச் சொல்கிறேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை. அந்த வருடம் எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பதினொரு மாதம் ஓடவில்லை. மோட்டார் கழற்றிக் கிடந்தது. மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் வந்து ஓட்டியதாகப் பதிவேட்டில் இருக்கிறது. எழுதியவன் நான். வராத ஆட்களை வந்ததாகத் தினமும் எழுதினேன். ஒருவனுக்கு ஓவர்டைம்கூடப் போட்டேன், பார்ப்பதற்கு இயல்பாக இருக்கட்டும் என்று. அதே நாட்களில், ஒரு மைல் தள்ளி, வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று உன் அப்பா பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழுவுக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். இருபத்து மூன்றாவது பெயர். எப்சிபா, குவார்ட்டர்ஸ் வரிசை. ஜூலையில் கால் விரலிடுக்கில் புண், இரண்டு நாள். ஆகஸ்டில் அரிப்பு, தூங்கவில்லை. செப்டம்பரில் முகம் வீங்கியிருக்கிறது. அதற்குக் கீழே, “தந்தையிடம் வீடு மாற்றச் சொன்னேன்.” அக்டோபரில் வாந்தி. மறுபடியும், “தந்தையிடம் சொன்னேன்.” நவம்பரில், “தந்தையிடம் சொன்னேன். கோபித்தார்.” ஆமாம், கோபித்தேன். எனக்கு வேலை கொடுத்திருந்தால் இந்த வீட்டுக்கு நான் ஏன் வந்திருப்பேன் என்று கத்தினேன். தன் வீட்டு மேல் அறையைத் தருகிறேன் என்றார். அவர் கையால் எதையும் வாங்குவதில்லை என்று அப்போது ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். எப்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மொத்தம் நாற்பத்தொரு நாள். என் மகளின் நாற்பத்தொரு நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. யாரைக் கேட்டு எழுதினார்? முதலில் அந்தக் கோபம்தான் வந்தது. ஜனவரியில் அவள் போனாள். சிறுநீரகம் என்றார்கள், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை என்றார்கள். இறந்த பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் அடிக்கவேண்டும், அது பள்ளிக்கூட விதி. விதியை மீறாதவர் அதை அடிக்கவில்லை. ஏப்ரல் வரைக்கும் அவள் கட்டங்கள் காலி. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி: “எப்சிபா. காரணம்:” அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

காரணம் அவருக்குத் தெரியும். என் முகத்துக்காக எழுதாமல் விட்டிருக்கிறார். எனக்கு வேலையைத் தராதவர் அந்தக் காலி இடத்தை மட்டும் தந்திருக்கிறார். இதற்கு நான் நன்றி சொல்லவேண்டுமா, சொல்.

இன்று காலை சூரியபிரகாஷ் என் மேஜைக்கே வந்தான். கிடைத்ததா என்றான். பதிவேடு என் வீட்டில், எப்சியின் பழைய பெட்டியில் இருந்தது. பீரோவில் இல்லை என்றேன். வேறெங்கே இருக்கும் என்றான். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். என் வீட்டைச் சோதிக்க ஆள் வந்துவிடுமோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிதான். “எப்பவும் கூடவே வச்சிருப்பாரு,” என்றேன். “மொபெட் பையில.”

அவன் தலையாட்டினான். “தேங்க்ஸ் சார். இது போதும்,” என்றான்.

சொன்னது என்ன என்று எனக்கே அவன் போன பிறகுதான் விளங்கியது.

12-11-2025, புதன்கிழமை.

இன்று காலை உன் அப்பா வந்தார். நாலு வருடமாக என் வாசற்படி ஏறாதவர். ஏறாமல் இருந்தது என் பேச்சினால்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. சித்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சத்துவாச்சாரிக்குக் கொண்டுபோகப் பதிவேடுகளை அடுக்கியபோது ஒன்று குறைந்ததாம், நான் எடுத்துப்போனதை அண்ணி சொன்னாராம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது என்னிடம் இல்லை என்று சொல்லச் சாக்குகளும் தயாராக வைத்திருந்தேன்.

“நீ எடுத்ததுல எனக்கு வருத்தம் இல்லடா பாக்கியம்,” என்றார். “அது உம் பொண்ணு பேரு இருக்கிற புக்கு. வச்சுக்க. அந்த வருஷம் எனக்கு நெஞ்சுல இருக்குது. தேதி தேதியா வாயாலயே சொல்லிடுவேன்.”

புத்தகத்தை எடுத்துவிட்டால் ஆளை விட்டுவிடுவார்கள் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. எடுத்தபோது அப்படி நினைத்தேனா, இப்போது அப்படிச் சொல்லிக்கொள்கிறேனா, தெரியவில்லை. எப்படியும் அது ஆகாத காரியம். பதிவேடு அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் அது மொபெட் பையில் இருப்பதாக நம்புகிறார்கள். அவர் ஆற்றோர வழியாகத்தான் பஸ் நிலையத்துக்குப் போவார், தோல் கம்பெனிகளின் பின்சுவர் நெடுக, ஒரு மைலுக்கு ஆளோ வீடோ கிடையாது. 19-ஆம் தேதி காலை ஆறரை மணிக்குக் கிளம்புவேன் என்று எனக்கே சொன்னார். போகும்போது என் தலையில் கை வைத்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் வைப்பாரே, அப்படி.

அந்த வழியில் போகாதே என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், “ஏண்டா?” என்று கேட்பார். வராத பிள்ளையின் வாசலில் நின்று கேட்டவர், காரணம் கேட்காமல் விடமாட்டார். அவரிடம் நான் எதையும் மறைத்து ஜெயித்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் என்மேல் கோபித்துக்கொள்வாரா? மாட்டார். என்னை மன்னித்துவிட்டு, அதே வழியில் போவார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இன்று மதியம் கழிவுநீர் டேங்கர் லாரிக்கு ஒரு புது டிரைவர் வந்திருக்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். வழக்கம்போல் பெயர், ஊர் கேட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். எழுதவேண்டாம் சார், பத்து நாளைக்குத்தான் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். 19-ஆம் தேதி கேட்டில் காலை டியூட்டியை எனக்கே போட்டிருக்கிறார்கள். அன்று டேங்கர் வெளியே போகும் நேரத்தையும் எழுதவேண்டாமாம்.

போலீசுக்குப் போகலாமே என்பாய். போய் என்னவென்று எழுதிக்கொடுப்பேன்? ஒரு மேலாளர் மரியாதையாக, வாத்தியாரைப் பார்த்து வரச் சொன்னார் என்றா? பிறகு அவர்கள் என் பழைய ஷிப்டு பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். அதில் இருப்பது என் கையெழுத்து.

தபஸ்ஸும் கையில் ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டு டப்பா வருகிறது. ஒன்று உன் குழந்தைக்கு. சித்தியே பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தாள். இரண்டாவதைப் பிரிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கவேண்டாம். அது பெரிய டப்பா. மேல் அடுக்கு பேடாதான். அடியில், பாகு படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி நான்காம் வகுப்பு, 2011-12. உன்னிடம் இருக்கட்டும். அதற்கு ஒரு வேளை வரும், வந்தால் என்ன செய்வதென்று உனக்குத் தெரியும். இருபத்து மூன்றாவது பெயரைப் பார்த்துக்கொள். உன் பின்னாலேயே திரிந்த பிள்ளை. உன் சித்திக்கு இது ஒன்றும் தெரியாது.

கடிதம் உனக்கு வெள்ளியோ சனியோ கிடைக்கும். கிடைத்ததும் உன் அப்பாவுக்குப் போன் செய். 19-ஆம் தேதி மொபெட்டை எடுக்கவேண்டாம் என்று சொல். அண்ணிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, மெயின் ரோட்டுக்கு நடந்துவந்து, டவுன் பஸ்ஸில் ஏறட்டும். கூட்டமான பஸ்ஸில் ஏறட்டும். ரஷீத் பாயைக் கூட வரச் சொல். அந்த ஒரு நாள் மட்டும். உனக்குத் தோன்றியதுபோலச் சொல். கெட்ட கனவு கண்டேன் என்று சொல், மகள் அழுதால் தட்டமாட்டார். முதல் தடவை சிரித்து மழுப்புவார். விடாதே. மறுபடியும் போன் செய், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் செய்துகொண்டே இரு.

அங்கே குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று தபஸ்ஸும் சொன்னாள். உன் குழந்தை அதைக் குடித்து நெடுங்காலம் வாழட்டும். கர்த்தர் உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வைக்காதிருப்பாராக. எனக்காக ஜெபிக்கவேண்டாம். ஜெபித்தாலும் சீட்டில் எழுதிப் போடாதே.

சித்தப்பா ஏதாவது சொன்னானா என்று உன் அப்பா கட்டாயம் கேட்பார். இல்லை என்று சொல். இதுவரைக்கும் அவரிடம் நீ பொய் சொல்லியிருக்கமாட்டாய். இந்த ஒன்றைச் சொல், அம்மா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
பாக்கியநாதன்.